ரைட்டும் என் வெள்ளை அணுக்களும்

சென்ற ஜூன் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. எங்கள் வீட்டு வாசலில் நீளமாக ஒரு விசில் கேட்டது. நோயாளியைப் பார்க்க வந்தவர்களை விசில் ஊதி நிறுத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் என் எதிர்வீட்டில் குடியிருப்பது என் பாக்கியம்.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'ரைட்டு'. ஆவூர் பக்கம் போகும் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எதைப் பேசினாலும் "ரைட்டு" என்றுதான் முடிப்பார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் இவர் பின்னாலிருந்து "ரைட்டு" என்றார். மாப்பிள்ளை மணவறையை விட்டு எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

விசிலுக்குக் காரணம் முந்தின நாள் வந்த ரத்தப் பரிசோதனை. நாலாயிரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய வெள்ளை அணுக்கள் எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் இருந்தன. தைராய்டு மாத்திரை செய்த வேலையாக இருக்கும் என்று சொல்லி டாக்டர் அதை நிறுத்தினார். பத்து நாள் கூட்டத்துக்குள் போகக்கூடாது, கூட்டம் வீட்டுக்குள் வரவும் கூடாது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும். பத்து நாளில் எண்ணிக்கை ஏறாவிட்டால் திருச்சிக்குப் போய் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கவேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இத்தனை வருடத்தில் ஓர் எண்ணைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

என் மனைவி பயத்தில் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது ரைட்டிடம். இரண்டாவதாகப் போனில் சொன்னது வல்லத்திராக்கோட்டையில் இருக்கும் தன் தம்பியிடம். அந்த இரண்டாவதுதான் தப்பு.

நம் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் சொந்தக்காரர்கள் திரண்டு வந்து பார்க்காமல் இருக்கமுடியாது. வராதவர் பெயர் இருபது வருடத்துக்குப் பேசப்படும். ஆகவே மறுநாள் காலையில் என் மைத்துனர் ஒரு வேனில் பதினான்கு பேரோடு வந்து இறங்கினார். ஆறு கிலோ ஆப்பிள், மூன்று ஹார்லிக்ஸ், அவற்றோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டு பேர். ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விசில்.

ரைட்டு கேட்டின் குறுக்கே கையை நீட்டி நின்றார். "வண்டி ஃபுல்லு. யாரும் ஏறக்கூடாது."

மைத்துனருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க மச்சானப் பாக்க எங்களுக்கே தடையா? நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, பாக்காம விட்டுட்டான்னு ஊரு பேசாதா?"

"அப்படி ஆனப்பறம் வாங்க. அன்னைக்கு நான் யாரையும் தடுக்கமாட்டேன்."

இதைக் கேட்டு எனக்கு வியர்த்தது. ஆனால் வேலை நடந்தது. வரிசையாக ஜன்னலுக்கு வெளியே நிற்கவைத்து, ஆளுக்கு அரை நிமிடம் காட்டினார். மேற்கே ஏறும் வழி, கிழக்கே இறங்கும் வழி. நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பதினைந்து முறை தலையாட்டினேன். ஆப்பிளை வெட்டி, வந்தவர்களுக்கே பங்கிட்டு அனுப்பிவைத்தார். மைத்துனர் மட்டும் தின்னவில்லை. இந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

அதன் பிறகு தினமும் இதே கதைதான். ஆவூரிலிருந்து, என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் எனக்காக ஜெபம் பண்ண வந்தார்கள். "ஜெபம்தானே டீச்சர், அது வாசல்லேர்ந்தும் போய்ச் சேந்துரும்" என்று ரைட்டு ரோட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். டீச்சர் பெருந்தன்மையோடு ரைட்டுக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

ரைட்டால் விரட்ட முடியாத ஒன்று இருந்தது. அது என் கவலை. ஒரே நாளில் பதினேழு முறை காய்ச்சல் பார்த்தேன் என்று மனைவி போய்ச் சொல்லிவிட்டாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தெர்மாமீட்டருக்கு டைமிங் போட்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார்: "சார், நாலாயிரம் பேரு ஏறவேண்டிய வண்டியில ஆயிரத்தித் தொள்ளாயிரம் பேருதான் ஏறியிருக்கு. கலெக்‌ஷன் கம்மி, அம்புட்டுதான். டிரிப்ப யாரும் கேன்சல் பண்ணல." மருத்துவத்தில் இதற்கு என்ன மதிப்போ தெரியாது. அன்று மதியம் நான் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

ஏழாம் நாள் அவர் ஒரு தும்மல் தும்மினார். ஒரே ஒரு தும்மல். உடனே தன்னையும் இறக்கிவிட்டுக்கொண்டார். எங்கள் ஜன்னல் பக்கமே வரவில்லை. தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, அங்கிருந்தே விசில் ஊதிக் காவல் காத்தார்.

அடுத்த நாள் மதியம் எனக்குத் தொண்டை கரகரத்தது. அவ்வளவுதான், திருச்சி கண்ணில் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு அங்கிட்டு இருந்தவரிடம் சொன்னேன். சத்தம் சரியாக வரவில்லை.

"வலிக்கிதா, வலிக்குமோன்னு இருக்கா?" என்றார்.

யோசித்தேன். எச்சில் விழுங்கிப் பார்த்தேன். "வலிக்குமோன்னு இருக்கு."

"அப்ப வெந்நி குடிச்சிட்டு வீட்டம்மாவக் காய்ச்சல் பாக்கச் சொல்லுங்க. வலிச்சா ஒரு சத்தம் குடுங்க, ஆட்டோ நிக்கிது."

தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. காய்ச்சல் இல்லை. அதன் பிறகுதான் பார்த்தேன், அவர் வீட்டுச் சுவரோரம் ஓர் ஆட்டோ நின்றது. எப்போது வந்தது என்று மனைவியிடம் கேட்டேன். முதல் நாளே வந்துவிட்டதாம். அவருடைய தங்கை மகன் ஓட்டும் ஆட்டோ. ராத்திரி பகல் சவாரிக்குப் போகாமல் அங்கேயே கிடக்கவேண்டும் என்று கட்டளையாம். என்னிடம் சொன்னால் பயந்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறார்கள். ஜன்னலை விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைக்கவேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ரத்தம் கொடுத்தேன். நாலாயிரத்து முந்நூறு. டாக்டர் சிரித்து, திருச்சி வேண்டாம் என்றார். வீடு திரும்பி அதைச் சொன்னதும் ரைட்டு சந்தோஷப்பட்டார், ஆனால் விடவில்லை. "திருப்பி அனுப்புனவங்க எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன் சார். ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல மட்டன் சாப்பாடு. மனசு நொந்து போயிருக்காங்கல்ல? நான் வெறும் கண்டக்டர். வண்டி ஒங்களுது."

அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். வாசலை மிதிக்கமாட்டேன் என்ற மைத்துனர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். ரைட்டு கேட்டில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். தான் உட்கார்ந்தது கடைசிப் பந்தியில். அவர் இலைக்கு நானே பரிமாறினேன். எலும்புத் துண்டாகப் பார்த்து வைக்கச் சொன்னார், வைத்தேன்.

மட்டன், அரிசி, பந்தல், பாத்திர வாடகை எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். நான் மறுபடி கூட்டிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்த தொகை அது ஒன்றுதான்.