ஊசிக்குப் பாடு பிரித்தவள்

கெடுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் பழக்கம் இருக்கும். பிறருக்குக் கெடு வைக்கிறவர்களைச் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் பழவேற்காட்டுக் கோட்டைக்குள் இருக்கிறது, உலாந்தா வெள்ளைக்காரர்களும் அவர்களுடைய துபாஷிகளும் நெசவுக்காரர்களுக்கு வைக்கும் கெடுவைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் போதாது. நான் சொல்வது, தனக்குத் தானே கெடு வைத்துக்கொண்டு, வைத்த மாத்திரத்தில் வேலை பாதி முடிந்துவிட்டதாகப் பூரித்துப்போய், மீதிப் பாதிக்கு இன்னொரு கெடு வைக்கிறவர்களை. எங்கள் பசியாவரம் தீவில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். பெயர் கஸ்தூரி. கஸ்தூரியம்மாள் என்று கூப்பிட்டால் இன்னும் சந்தோஷப்படுவாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தினம் காலையில் அவள் தலையை நான்தான் வாருகிறேன். அவள் புருஷன் நீலமேகத்திடம் நான்தான் வசை வாங்குகிறேன்.

ஆகையால் இனி அவளை 'நான்' என்றே சொல்லிவிடுகிறேன். எழுத்து மிச்சம்.

எங்கள் தீவில் ஆண்கள் வலை போடுவார்கள், பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்போம், வலை கிழிந்தால் எல்லோரும் உட்கார்ந்து முடிச்சுப் போடுவோம். துணியில் படம் தைக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்கு ஏது? அதைக் கொண்டுவந்தவள் என் தங்கை கோவிந்தம்மா. கோட்டை வைத்தியர் வீட்டில் அவள் பிள்ளை வளர்க்கிற ஆயா. அந்த வீட்டுத் துரைசானி தலையணை உறை, போர்வை, கைக்குட்டை ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் தன் பெயரெழுத்தைத் தைத்து வைப்பாளாம். சாய்வாக ஒரு தையல், அதன்மேல் எதிர்ச்சாய்வாக இன்னொரு தையல். அவ்வளவுதான். கால்மேல் கால் போட்ட மாதிரி இருந்ததால் நாங்கள் அதற்கு மாறுகால் தையல் என்று பெயர் வைத்தோம். வலையில் கண் எண்ணி வளர்ந்தவளுக்குத் துணியில் இழை எண்ணுவது ஒரு காரியமா? ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். தையலைத்தான் கற்றுக்கொண்டேன், எண்ணுகிற வியாதி பிறவியிலேயே இருந்தது.

சித்திரை பிறந்த மறு வாரம் கோவிந்தம்மா படகேறி வந்தாள். வைத்தியருக்குக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்கு மாற்றல். ஐப்பசியில் வாடைக் காற்று கிளம்புமுன் கப்பல் புறப்படும். குழந்தைகள் இவளை விட்டுப் போக மாட்டேன் என்று அழுகின்றன. இவளும் போகச் சம்மதித்துவிட்டாள். திரும்ப இரண்டு வருஷம் ஆகும். எங்கள் வீட்டிலும் கடலுக்குப் போனவர்கள் உண்டு, ஆனால் உலை கொதிக்குமுன் திரும்பிவிடுவார்கள்.

“எக்கா, ஒரு துணியில நம்ம ஊர தெச்சுக் குடு. அங்க சொவத்துல மாட்டிக்கினு பாத்துக்குவேன்.”

“இன்னா இன்னா வோணும்?”

“பெருசா ஒண்ணும் வாணாம். நைனா படகு. நைனா வல காயப்போடுற எடம். கொஞ்சம் தண்ணி. ஒரு பூநாரை. அத்த பாத்தாத்தான் எனக்கு அங்க தூக்கம் வரும்.”

“ஆவணி முடியறதுக்குள்ள முடிஞ்சிடுச்சுனு வெச்சுக்கோ.”

கவனித்தீர்களா? துணியைத் தொடவில்லை. நூல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. கெடு வந்து விழுந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. கெடுக்காரரின் பெரிய பலமே இதுதான்; கேட்கிறவர் நம்பிவிடுவார்.

அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படத்துக்கு மொத்தம் ஆறாயிரம் தையல். ஆவணி முடிய நூற்றைம்பது நாள். நாளுக்கு நாற்பது. நாற்பதா! அடுப்பில் மீன் வேகிற நேரத்தில் போட்டுவிடலாமே என்று சிரித்துக்கொண்டேன். பிறகு செவ்வாய், வெள்ளியில் ஊசி எடுக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. அமாவாசையும் பௌர்ணமியும் ஆகாது. கழித்துப் பார்த்தால் நூறு நாள்தான் தேறியது. நாளுக்கு அறுபது. நாற்பது அறுபதாக வளர்ந்துவிட்டது. ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை, அதற்குள் இருபது முன்னேற்றம்!

ஆனால் சும்மா தைத்துக்கொண்டு போனால் அதில் என்ன ஒழுங்கு இருக்கிறது? முறை என்று ஒன்று வேண்டாமா? அங்கேதான் எனக்குப் பாடு ஞாபகம் வந்தது.

தீவைச் சுற்றியுள்ள எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு ஏற்பாடு. நல்ல மீன் விழுகிற இடத்துக்கு ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ளாமலிருக்க, சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரித்துவிடுவார்கள். உங்கள் பாடு வந்த நாளில் நீங்கள் வலை போடலாம். அன்று வராமல் போனால் போனதுதான். சுற்று முடிந்து மறுபடி உங்கள் முறை வரும்வரை கரையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்ல வேண்டியது. இந்தக் கட்டுப்பாட்டை மீறியவரை எங்கள் ஊர் மன்னிக்காது. ஏரிக்கே பொருந்துகிற முறை ஒரு முழத் துணிக்குப் பொருந்தாதா? துணியைப் பன்னிரண்டு பாடாகப் பிரித்தேன். படகுக்கு மூன்று, வலை காயும் இடத்துக்கு இரண்டு, தண்ணீருக்கு நான்கு, பூநாரை உடம்புக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. கிளிஞ்சல்களைக் குலுக்கிப் போட்டு, எது முதலில் என்று சீட்டும் எடுத்தேன்.

நீலமேகம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாமே பண்ற?”

“துணிக்குப் பாடு பிரிக்கறேன்.”

“ஏரியில ஆளுக்கு ஆளு அடிச்சிக்குறான், பாடு பிரிக்கறோம். உன் துணியில யாரு யாரோட அடிச்சிக்குறாங்க?”

“எதுக்கும் ஒரு ஒழுங்கு வாணாமா?”

“ஒழுங்கு கீது. தையலு எங்க கீது?”

பொறாமை! வேறென்ன சொல்வது?

அடுத்தது, ஆன வேலைக்கு அடையாளம். பத்துத் தையலுக்கு ஒரு முடிச்சு என்று கயிற்றில் போட்டுக்கொண்டே வந்தால் எவ்வளவு ஆயிற்று என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். வெறும் கயிறு கண்ணுக்கு நன்றாயிருக்குமா? தண்ணீருக்கு அவுரியில் தோய்த்த கயிறு, பூநாரைக்குச் சாயவேர்ச் சிவப்பு, படகுக்கு மஞ்சள். தோய்த்து, காயவைத்து, முறுக்கி, மூன்றையும் சேர்த்துப் பின்னி வாசல் நிலையில் தொங்கவிடுவதற்குள் வைகாசி வந்துவிட்டது. அந்தக் கயிறு மட்டும் அத்தனை அழகு. பக்கத்து வீட்டு எல்லம்மாக்கா தினமும் வந்து பார்ப்பாள். துணியைக் காட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. தங்கமான மனுஷி.

“சோக்கா கீது கஸ்தூரி! எவ்ளோ ஆச்சு?”

“முக்காவாசி முடிஞ்ச மாதிரிதான்.”

இந்த வாசகத்தைக் கெடுக்காரர் வீட்டில் நீங்கள் அடிக்கடி கேட்கலாம். முக்கால்வாசி முடிந்த மாதிரி. இனிமேல் ஓட்டமாக ஓடிவிடும். கெடுவை மாற்றவில்லை, கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

முடிச்சு விஷயத்தில் என் மனம் எவ்வளவு தாராளமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாறுகால் தையலில் கீழ்க்கால் போட்டுவிட்டால் மேல்கால் தானே வந்துவிடப் போகிறது? ஆகவே கீழ்க்கால் மட்டும் போட்டதையும் முழுத் தையலாகவே எண்ணினேன். நாளைக்கு எப்படியும் அறுபது போடத்தான் போகிறோம், அந்த ஆறு முடிச்சை இன்றைக்கே போட்டுவைத்தால் நாளைக்கு நேரம் மிச்சமாகுமே என்று அதையும் போட்டேன். மறுநாள் இறால் அதிகம் கிடைத்தது, தைக்க முடியவில்லை. போட்ட முடிச்சை அவிழ்ப்பது அபசகுனம் இல்லையா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் கயிற்றுச் சுரைக்காயைத் தீவே பார்த்துப் பசியாறியது.

பூநாரையின் வலது கால் நல்லபடியாக வந்தது. இடது காலுக்குப் பாடு வந்த அன்று ஆரம்பாக்கத்தில் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. போய்த் திரும்பினால் மறுநாள் படகின் பாடு. இப்போது காலைத் தைக்கலாமா? முறை போன பிறகு வலை போடலாமா? கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். ஆனால் எங்கள் ஏரியில் ஒரு சலுகை உண்டு, மற்றவர் சம்மதித்தால் பாட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பூநாரையின் சார்பில் படகிடம் போய்க் கேட்டேன். படகின் சார்பில் நானே யோசித்தேன். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அப்புறம் எல்லோரும் கேட்பார்கள் என்று தோன்றியது. மறுத்துவிட்டேன். இந்தப் பஞ்சாயத்திலேயே பொழுது சாய்ந்து, அன்றைக்குப் படகும் இல்லை, காலும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி இடது காலின் பாடு வந்தது. அது வெள்ளிக்கிழமை.

இதற்குள் எல்லம்மாக்கா தற்செயலாகத் துணியைப் பார்த்துவிட்டாள். எனக்கு உயிரே போயிற்று. அவளோ கையைத் தட்டினாள்.

“அய்ய, நாரைனா ஒத்தக் கால்லதான நிக்கும்! அப்டியே கீதுடீ!”

அதுவும் சரிதானே? இடது காலை அந்த நிமிஷமே ரத்துச் செய்தேன். நூற்றிருபது தையல் லாபம். பன்னிரண்டு முடிச்சும் போட்டுவிட்டேன்.

ஆவணி வந்து, போயிற்று. புரட்டாசி என்று கெடுவைத் தள்ளிவைத்தேன். தள்ளிவைத்த அன்று மனசுக்கு எத்தனை ஆறுதல்! ஒரு மாசத்தை யாரோ தானமாகக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான்கு நாள் தைக்கவில்லை.

அந்த வருஷம் வாடைக் காற்று முந்திக்கொண்டு கிளம்பப் பார்த்தது. கப்பலைச் சீக்கிரமாகவே கிளப்புகிறார்களாம். புரட்டாசி பாதியில், யாரும் எதிர்பார்க்காத காலைப்பொழுதில், கோவிந்தம்மா மூட்டையும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். நேரே கண்ணில் பட்டது கயிறு. அவளும் வலைக்காரர் வீட்டுப் பெண்தானே, கைவிரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணிவிட்டாள்.

“எக்கா! அறநூறு முடிச்சு! ஆறாயிரமும் போட்டுட்டியா? எங்க காமி!”

அவளே போய்ப் பெட்டியைத் திறந்து துணியை எடுத்து விரித்தாள். மூலையில் ஒற்றைக் காலில் ஒரு பூநாரை. அதன் கீழே மூன்று விரற்கடை தண்ணீர். படகின் மூக்கு. அப்புறம் வெள்ளைத் துணி.

“நைனா படகு எங்கக்கா?”

“மூக்கு வந்துடுச்சும்மா. மிச்சத்துக்குப் பாடு நாளான்னிக்கு வருது.”

“வல காயப்போடுற எடம்?”

“அது... அதுக்குப் பாடு வந்தப்போ அமாவாச.”

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். துணியை மெல்ல மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, “பரவால்லக்கா” என்றாள். அவமானத்தில் என் காது சுட்டது. ஐந்து மாசத்துக்கு மேலாக, அங்கே தூக்கம் வராமல் தவிக்கப்போகிற பெண்ணுக்காக நான் செய்ததெல்லாம் ஒரு கயிறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன். நீலமேகம் நைனாவின் படகை அவிழ்க்கப் போனார்.

கோட்டைத் துறைக்கு அவளைக் கொண்டுவிடப் படகில் நானும் ஏறினேன். கோவிந்தம்மா துணியை மடியில் விரித்து, என்னிடம் ஊசியை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். சீட்டில்லை, முறையில்லை. நைனாவின் படகில் உட்கார்ந்து நைனாவின் படகைத் தைத்துக்கொண்டு வந்தாள். கழி ஊன்ற ஊன்றப் படகு ஆடியது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? எண்ணினேன். துறை கண்ணில் படும்போது நூற்றுப்பத்து. நாவை அடக்க முடிகிறதா?

“கோவிந்தம்மா, இதே வேகத்துல போனா ஒரு நாளைக்கு எரநூறு. கப்பல் போய்ச் சேர நாப்பது நாளுனா எட்டாயிரம். நாரைக்கு எடது காலும் போட்டுக்கலாம், மிச்சமும்...”

“எக்கா.”

“இன்னாம்மா?”

“துணிய வுடு. என்ன பாரு. ரெண்டு வருசம் பாக்க முடியாது.”

பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அழுதழுது சிவந்த மூக்கு, காற்றில் கலைந்த தலை, பல்லால் நூலைக் கடித்த அடையாளம் உதட்டில். அவ்வளவு பார்த்ததும் இந்தப் பாழாய்ப்போன மனசு, இரண்டு வருஷம் என்றால் எழுநூற்று முப்பது நாள், அதில் செவ்வாய் வெள்ளி போனால் எத்தனை என்று கிளம்பிவிட்டது. விடை கிடைத்து நான் நிமிர்ந்தபோது படகில் நீலமேகம் மட்டும் இருந்தார். அவள் துறையில் இறங்கிக் கூட்டத்தோடு போய்விட்டாள். போகுமுன் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாளாம். நீலமேகம்தான் சொன்னார்.

கெடுக்காரர் கதை இதுதான். நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. மிகவும் சந்தோஷம். ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்ததும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அடிவரைக்கும் கண்ணை ஓட்டிப் பார்த்தது யார்? பாதியில் ஒருமுறை, முக்கால்வாசி முடிந்த மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டது யார்? போகட்டும், நான் பெரிதுபடுத்தவில்லை. உள்ளேயிருந்து உங்களை யாரோ வெகுநேரமாகக் கூப்பிடுகிறார்கள். இது இரண்டாவது தரமா, மூன்றாவது தரமா?

பார்த்தீர்களா, எண்ணுகிறீர்கள்.