துரை பங்களாவும் முட்டு அண்ணனும்

உலகத்தில் கூரையை நம்பாத ஒரே மனிதர் முட்டு அண்ணன்தான். நாமெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் உட்கார இடம் பார்ப்போம். அவர் ஓட இடம் பார்ப்பார்.

எழுபதுகளின் கடைசி. மதுரை மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், துரை பங்களாவில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தனியாக இருந்த இடத்தில் நாங்கள் ஒன்பது குடும்பம். சட்டப்படி எங்களைக் கிளப்ப முடியவில்லை. எனவே வீட்டுக்காரர், வீடு தானாக விழட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

அந்தப் பொறுமைக்குக் குறுக்கே நின்றவர் முட்டு அண்ணன். மரக்கடையில் வேலை, பின்கட்டில் கடைசி அறை, ஒண்டிக்கட்டை. காலையில் ஒவ்வொரு வீட்டு உத்திரத்தையும் தட்டி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக் கேட்பார். "கரையான் பந்தி போட்டு உக்காந்திருக்கு" என்பார். மறுநாள் விலைபோகாத சவுக்குக் கம்பு ஒன்று நடுவீட்டில் நின்று உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்கும். அனுமதியெல்லாம் கேட்கமாட்டார்.

அக்காவைப் பெண் பார்க்க மேலூரிலிருந்து வந்தவர்கள் எங்கள் கம்பைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்தார். "பந்தக்காலு இப்பவே ஊண்டிட்டீகளா?" அவர்கள் காபி குடித்த வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் வந்தால் கம்புகளைத் துக்கத்தோடு தடவிப் பார்ப்பார்.

"எதுக்குண்ணே இம்புட்டுச் சிரமம்? விழுகுறது விழுகத்தான செய்யும்."

"விழுகட்டும். ஆளில்லாதப்ப விழுகட்டும்" என்பார் அண்ணன்.

அந்த ஐப்பசியில் ஐந்து நாள் விடாத மழை. தீபாவளியன்று காலை எங்கள் உத்திரம் இன்னோர் இடத்தில் விரிந்தது. மரக்கடை பூட்டியிருந்தது. ஆனாலும் அண்ணன் பத்து நிமிடத்தில் ஒரு கம்போடு வந்து அடித்து இறுக்கினார்.

"ஏதுண்ணே கம்பு?"

"என் ரூமுல நின்னது."

"அப்ப ஒங்க ரூமு?"

"நான் ஒத்த ஆளு மாப்ள, ஓடிருவேன். நீங்க ஏழு பேரு, வாசல் ஒண்ணு."

அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே பட்டது. அதிரசத்தைக் கடித்தபடி தலையாட்டினேன். அதுதான் என் லட்சணம்.

மத்தியானம் அவர் தன் சாமான்களை வெளியே எடுத்து வைக்கப் போனார். டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பாயை எடுக்கத் திரும்பியிருக்கிறார். நாங்கள் கேட்ட சத்தத்தை யாரோ அணுகுண்டு வெடி போட்டதாக நினைத்தோம். பிறகு ஒன்பது குடும்பமும் வெறுங்கையால் அவர் அறையில் இடிந்து விழுந்த காரையை அள்ளினோம். ஓட இடம் வைத்திருந்தவர் ஓடவில்லை.

பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் ஏட்டு நோட்டைத் திறந்தார்.

"பாடிய வாங்குறது யாருய்யா?"

"நான்தான்."

"நீ என்ன வேணும்?"

"தம்பி."

"கூடப் பெறந்தவனா?"

"ஆமா" என்று கையெழுத்துப் போட்டேன். பொய்க் கையெழுத்துத்தான். இன்றைக்கு நோட்டை நீட்டினாலும் அதையே போடுவேன்.