டிக்கி வழியாக வந்த மாப்பிள்ளை

அடுத்தவர் காரைப் பார்க்கும்போது இருக்கிற புத்தி, நாம் வாங்கப்போகும் காரைப் பார்க்கும்போது எங்கேயோ வெளியூர் போய்விடுகிறது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட கார்களைப் பார்த்து, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று சொல்வதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. பட்டறைக்காரர்கள் எஸ்டிமேட்டை நீட்டுவார்கள். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, "இது தேவையில்லை, இது டிங்கரிங்லயே சரியாயிடும், இது பழைய அடி" என்று வரிவரியாக அடிப்பேன். (திருச்சிப் பட்டறைகளில் எனக்குக் 'கத்திரி' என்று பெயர். அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அப்படிப்பட்ட நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்.

கே.கே.நகரில் ஒரு வீட்டு ஷெட்டில் நின்றது. சிவப்பு. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. பாயப் போகிற சிறுத்தை மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. (அது எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.) விலையோ ஒரு பெரிய மோட்டார் பைக்கின் விலை.

இதே கார் கிளெய்முக்கு வந்திருந்தால் லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பார்த்திருப்பேன். உதிரி பாகம் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று நாலு பேருக்குப் போன் போட்டிருப்பேன். அன்று நான் செய்த சர்வே இதுதான்: சுற்றி ஒரு நடை, டயரில் ஓர் உதை, உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் என் முகத்தை ஒரு பார்வை. முகம் நன்றாகவே இருந்தது.

கூட வந்த என் மனைவி கலைவாணி மட்டும், "என்னங்க, இதுக்கு ஒரு ஹெட்லைட் போச்சுன்னா என்ன ஆகும்? கேளுங்களேன்" என்றாள்.

விற்பவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சின்னச் சின்ன வேலை இருக்கு சார். அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். "பேட்டரி மாத்தணும், ஒரு பாலிஷ் போடணும். அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காரைத் தென்னூரில் எங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடையும் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து அனுப்பியது.

அந்தச் சமயத்தில்தான் கலைவாணியின் தம்பி மகேஷுக்கு ஸ்ரீரங்கத்துப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் மாமனார் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருப்பவர். என்னை 'வண்டி பார்க்கிற மாப்பிள்ளை' என்று சொல்லுவார். அதில் ஒரு சின்ன இளக்காரம் இருக்கும். இப்போது விட்டேனா? "மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம ஸ்போர்ட்ஸ் கார்ல வரட்டும் மாமா, நானே ஓட்டறேன்" என்றேன். அவர் ஏற்பாடு செய்திருந்த வாடகைக் காரை உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊரெல்லாம் சொல்லியும் விட்டார்.

காரைப் பட்டறையில் காட்டலாம் என்று அரியமங்கலம் அந்தோணியிடம் கொண்டுபோனேன். என் பேனாவால் அதிகம் அடிபட்டவர் அவர்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பட்டறைக்குள் பார்த்து முழங்கினார்.

"எல்லாரும் வாங்கப்பா! சார் சொந்தக் காசுல வந்திருக்கார்!"

பட்டறையே திரண்டு வந்து நின்றது. அந்தோணி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்படி ரசித்து அவர் எஸ்டிமேட் சொல்லி நான் கேட்டதில்லை.

"இந்த ஹெட்லைட் வெலைக்கு எங்க தெரு பூரா டியூப்லைட் மாட்டிரலாம் சார். டயர் இந்த சைஸ்ல இங்க கெடைக்காது, சொல்லி வெச்சுத்தான் வாங்கணும். ரேடியேட்டர் ஒழுகுது. சார்ஜ் சரியா ஏறல, வயரிங் பூரா பாக்கணும். ரெண்டு கதவு லாக்கும் போகப் போகுது, அது செட்டாத்தான் வரும்."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சிவப்புப் பேனா வெளியே வந்தது.

"கதவு திறக்குதே?"

"இன்னைக்குத் திறக்குது சார்."

"அப்ப தேவையில்லை. வயரிங்? வண்டி ஸ்டார்ட் ஆகுதுல்ல? புதுப் பேட்டரி போதும்."

"சரிங்க சார். நீங்க அடிச்சா நாங்க என்னைக்கு மறுத்துப் பேசியிருக்கோம்?" என்று அந்தோணி மிகவும் பவ்யமாகச் சொன்னார். அந்தப் பவ்யத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடித்தது போக மீதி இருந்த வேலைக்கே காரின் விலையைவிட அதிகம் ஆனது. கலைவாணியிடம் பாதியைத்தான் சொன்னேன். (மீதியை அவள் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.)

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் காவிரிப் பாலத்தில் போகும்போது பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கோட்டும் மாலையுமாக மகேஷ் கையசைத்தான். நானும் அசைத்தேன். (எனக்கு யாரும் அசைக்கவில்லை.) அம்மா மண்டபம் ரோட்டில் பிள்ளையார் கோயிலில் ஊர்வலம் தொடங்கியது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் உறவினர்கள், நடுவில் நத்தை வேகத்தில் நாங்கள்.

கல்யாண மண்டபத்து வாசலுக்கு வந்தோம். ஆரத்தித் தட்டோடு பெண்கள் மகேஷின் கதவுப் பக்கம் நின்றார்கள். அப்போது டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒருமுறை மின்னி அணைந்தன. இன்ஜின் நின்றது. ஏசி நின்றது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு கதவும் பூட்டிக்கொண்டன.

"மாமா, கதவைத் திறங்க."

"அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"கண்ணாடியையாவது இறக்குங்க மாமா!"

"அதுவும் கரண்ட்டுலதாண்டா இறங்கும்."

வெளியே இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் வாசிப்பில் மயங்கித்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்த பேண்டுக்காரர்கள் இன்னும் வேகமாக வாசித்தார்கள். நேரம் போகப் போகக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பெண்ணின் சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, அது அப்படியே பரவியது. அவர்கள் முகங்களைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை இறங்க மாட்டேன் என்கிறார், கடைசி நேரத்தில் எதையோ கேட்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்!

பெண்ணின் அப்பா முகம் இருண்டுவிட்டது. என் மாமனார் கண்ணாடியைத் தட்டி, "என்ன மாப்பிள்ளை இது? அவமானமா இருக்கு, இறங்கச் சொல்லுங்க அவனை!" என்று கத்தினார்.

பூட்டிக்கொண்டது என்பதை விளக்க, நான் கையைத் தூக்கி, சாவியைத் திருகுவது போல் காட்டினேன்.

"கார் கேக்கறாங்க!" என்றார் சித்தப்பா.

இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் விரித்து ஆட்டினேன். பெரிய காராகக் கேட்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் மகேஷின் பையில் போன் அதிர்ந்தது. (போன் என்று ஒன்று இருப்பதே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.) கல்யாணப் பெண் ரம்யா, மண்டபத்து மாடியிலிருந்து.

"என்ன மகேஷ், கார் வேணுமாமே?"

குரலில் இருந்த குளிர், நின்றுபோன ஏசியில்கூட இருந்ததில்லை.

"ஐயோ, எந்தக் காரும் வேணாம் ரம்யா! இந்தக் காரை விட்டு வெளிய வந்தாப் போதும்! கதவு லாக் ஆயிருச்சு, மூச்சு முட்டுது!"

ரம்யா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. அலங்காரத்தோடு படியிறங்கி ஓடிவந்து, பேண்டை நிறுத்தச் சொல்லி, அப்பா காதில் விஷயத்தைப் போட்டுவிட்டு, என் பக்கக் கண்ணாடியில் முகத்தை வைத்துக் கேட்டாள்: "டிக்கி திறக்குமாங்க?"

டிக்கிக்கு மட்டும் கம்பியால் இழுக்கிற லிவர். சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் தடுப்பும் இல்லை. இழுத்தேன். திறந்தது. மகேஷ் சீட்டில் ஏறி, பின்னால் தவழ்ந்து, கால்களை முதலில் வெளியே நீட்டினான். அப்புறம் கோட்டு, அப்புறம் கசங்கிய மாலை, கடைசியாகத் தலை. ஆரத்திப் பெண்கள் தட்டோடு காரைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார்கள். போட்டோக்காரர் ஒன்றையும் விடவில்லை. அவன் பின்னாலேயே நானும் தவழ்ந்து வந்தேன். எனக்கு ஆரத்தி எடுக்கவில்லை.

ரம்யா மகேஷை மேலும் கீழும் பார்த்தாள். "பார்சல் வந்திருச்சுப்பா. டேமேஜ் எதுவும் இல்லை" என்றாள். அவள் அப்பா அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சையெல்லாம் சிரிப்பாக விட்டார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் மாமனார் மட்டும் முகூர்த்தம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

காரை அந்தோணியே உதிரி பாகங்களுக்காக எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன விலையில் நான் ஒன்றையும் அடிக்கவில்லை. இப்போதெல்லாம் பட்டறைகளில் கதவு லாக் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்துவிடுகிறேன்.

மகேஷும் ரம்யாவும் சௌக்கியமாக இருக்கிறார்கள். அவர்கள் மகள் ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்தக் கால்கள் யாருடையவை என்று கேட்கிறாள். எனக்குக் கூரியர் மாமா என்ற பெயர் நிலைத்துவிட்டது. எப்போதாவது ஸ்ரீரங்கத்தில் ரம்யாவின் அப்பா வீட்டுக்குப் போய்க் காலிங் பெல்லை அழுத்தினால், கதவு திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து அவர் குரல் வரும்:

"வாங்க, வாங்க! கையெழுத்து எங்கேங்க போடணும்?"