பாட்டுக்காரியின் உதட்டுக் கலர்

மதிப்பிற்குரிய மச்சான் தங்கதுரை அவர்களுக்கு, ராயபுரத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் நல்லான் கைகூப்பி எழுதுவது. கணியூரில் நீங்களும் அக்காவும், மாடும் புதுக்கன்றும் நலமென்று நம்புகிறேன். வழக்கப்படி இங்கு யாவரும் நலம் என்று எழுதப் பார்த்தேன். யாவரும் என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். மூன்று நாளாக உங்களுக்குப் போன் அடித்தால் பாதி மணியிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

"அவருக்கு இன்னொருத்தியோட பழக்கமாயிப் போச்சுங்கண்ணா" என்று அங்கே வந்த சென்னம்மாள் சொல்லியிருப்பாள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா, எனக்கே தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பிரிண்டிங் பட்டறையில் கலர் சேர்ப்பது என் வேலை. போன மாதம் ஒரு வெளிநாட்டுப் பாடகியின் முகத்தைப் பனியனில் அச்சடிக்கிற ஆர்டர் வந்தது. மூன்று முறை சாம்பிள் அனுப்பினோம். மூன்று முறையும் உதட்டுக் கலர் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஒரிஜினலைப் பார்க்காமல் எப்படி மச்சான் கலர் சேர்ப்பது? ஆபீஸ் பெண் தேஜஸ்ரீயிடம் கேட்டேன். "அவங்க பாட்டு வீடியோவுல பாத்துக்கங்க மாஸ்டர்" என்று என் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சத்தியமாக உதட்டைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். சத்தத்தைக்கூட அணைத்துவிட்டேன். ஆனால் உதடு அசைய அசையக் கலர் மாறுகிறது. எந்த வார்த்தைக்கு எந்தக் கலர் என்று பிடிக்கச் சத்தம் வைக்க வேண்டியதாகிவிட்டது. அங்கேதான் கெட்டேன்.

ஒரு பெரிய தந்தி வாத்தியம் நிதானமாக நடந்து வருகிறது. டிரம்ஸை யாரோ அடிக்காமல் தடவிப் பெருக்குகிறார்கள். விடியற்காலையில் நம் வாசல் கூட்டுகிற சத்தம். குழல் ஒன்று குறுக்கே வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறது. எல்லோரும் வந்த பிறகும் அந்தப் பெண் வரவில்லை. தாளம் போய்விட்டதே, விட்டுவிட்டாளே என்று நான் பதறுகிறேன். அவள் ஒரு மூச்சு பொறுத்து, அவசரமே இல்லாமல் வந்து சேர்கிறாள். இதற்கு ஜாஸ் என்று தேஜஸ்ரீ பெயர் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை மச்சான், மை டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். முப்பது வருடமாகச் சங்கு ஊதும் முன்னே கேட்டுக்குள் ஓடுகிறவன் நான். தாமதமாக வருவது இத்தனை அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நாலாவது சாம்பிள் பாஸானது. பாஸான பீஸ் ஒன்றைக் கலர் சேர்த்தவன் பத்திரமாக வைத்துக்கொள்வது தொழில் வழக்கம். வெளிச்சம் பட்டால் மங்கும் என்று பீரோவில், சென்னம்மாளின் கல்யாணப் பட்டுக்குள் மடித்து வைத்தேன். ஒரு விசேஷத்துக்குக் கட்ட அவள் சேலையை உதற, அந்த முகம் காலடியில் விழுந்தது.

"யாருங்க இவ?"

"சாம்பிள்."

"சாம்பிளுக்கு எதுக்குங்க எம்பட பட்டுச் சேலை?"

போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ரிங்டோன் அதே பாட்டு. நான் உடனே எடுத்திருக்க வேண்டும். பாட்டுக்காரி வந்து சேருகிற இடம் வரைக்கும் கேட்டுவிட்டு எடுத்தேன். சென்னம்மாள் சாட்சிக்கு அந்தப் பனியனையும் பைக்குள் திணித்துக்கொண்டு கணியூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பாட்டை அழித்துவிட்டேன் மச்சான். வாசல் கூட்டுகிற சத்தம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. நானே கூட்டிப் பார்த்தேன், அந்தச் சத்தம் வரவில்லை. இனிமேல் அந்தப் பாட்டைக் காதாலும் கேட்கமாட்டேன் என்று திருமுருகன்பூண்டிக் கோயிலில் சூடமணைத்துச் சத்தியம் செய்கிறேன். சென்னம்மாளை உடனே அனுப்பி வையுங்கள்.

அக்காவுக்கு வணக்கம். கன்றை என் சார்பில் ஒருமுறை தடவிக் கொடுக்கவும்.

உங்கள் அன்புக்கும் அடிக்கும் ஒருசேரக் காத்திருக்கும்,
நல்லான்

பி.கு.: கவரை ஒட்டும்போது சென்னம்மாளே உங்கள் போனிலிருந்து கூப்பிட்டாள். "பனியன் முதுகுல இருந்த பேரைப் போட்டு அண்ணி அந்தப் பாட்டைத் தேடிக் குடுத்தாங்க. நாலு தடவை கேட்டனுங்க. அத்தன பேரும் அவ ஒருத்திக்காகக் காத்துட்டு நிக்கறாங்களே, அது நல்லாருக்குதுங்க. நானும் அவளாட்டம் மெதுவாத்தான் வருவேன், காத்திருங்க" என்றாள். ஆகவே அனுப்ப வேண்டாம் மச்சான். மேலே செய்த சத்தியத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை மறுபடி ஏற்றிவிட்டேன், காத்திருக்கிறேன். பனியனை மட்டும் உட்புறம் திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள்.