ஒன்றரைக் கிலோ குறைந்த நட்சத்திரம்

எதையும் ஒரே தடவையில் நம்பாத மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் 'இன்னொருக்கா' ஒருவர்தான். கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற ஊரில் மிளகுக்கு எடை போடுகிறவர். மூட்டையை ஒரு தட்டில் வைத்து நிறுப்பார். பிறகு தட்டு மாற்றி வைத்து, "இன்னொருக்கா" என்பார். டீக்கடையில் சர்க்கரை போட்டாயிற்று என்று சத்தியமே செய்தாலும் ஆற்றி, ருசி பார்த்து, மறுபடி கேட்பார். கல்யாணத்தில் நாலாவதாக ஒரு முடிச்சும் போட்டார் என்று ஒரு வதந்தி உண்டு. நான் நம்புகிறேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். நான் மலையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, அவருக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தேன். அவர் தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்து மாடியில் நிறுத்தியிருந்தார். அதைப் பார்த்து அசந்துபோன அடிவாரக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், நட்சத்திர வெளிச்சத்தை எண்ணில் காட்டும் கருவியை ஒரு மாதத்துக்கு இரவல் கொடுத்தார்.

வெகுதூரத்தில் ஒரு நட்சத்திரம். அதை ஒரு கிரகம் சுற்றுவதாக வெளிநாட்டில் கண்டிருந்தார்கள். அது குறுக்கே வந்தால் வெளிச்சம் நூற்றில் ஒன்றரைப் பங்கு குறையும் என்று கணக்கு. யாரும் அளந்ததாக எங்களுக்குத் தெரியாது, குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நூறு கிலோ மூட்டையில ஒண்ணரைக் கிலோ கொறையறதுங்க. எங்கைக்கே தெரியும்," என்றார்.

இரண்டாம் வாரம், விளக்கு வைக்கும் நேரத்தில் வெளிச்சம் குறைந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொருக்கா பார்க்காமல் டீக்கடைக்கு ஓடி ஊரைக் கூட்டிவிட்டார். மறுநாளும் அதே நேரத்தில் குறைந்தது. அதற்கு மறுநாளும். பக்கத்து வீட்டு ராசம்மாக்கா ஈர விறகில் அடுப்பு மூட்டும் நேரம் அது. கிரகம் அல்ல, புகை.

"ஏனுங்க, உங்க கிரகத்துல இன்னிக்கு என்ன கொழம்புங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். இன்னொருக்கா டீ குடிப்பதையே விட்டுவிட்டார். எனக்கே மனசு கேட்கவில்லை.

ஒரு விடிகாலை என் கதவைத் தட்டினார். "கண்ணு, எடைக்கல்லே இல்லாம நிறுத்திருக்கேன்."

பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் இருந்தது. அதுதான் எடைக்கல். புகை வந்தால் இரண்டும் மங்கும், கிரகம் வந்தால் ஒன்றுதான் மங்கும். அன்று முதல் இதை ஒரு பார்வை, அதை ஒரு பார்வை. அவர் எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். குளிரில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் ஒன்று மட்டும் குறைந்தது. மற்றது அசையவில்லை. மூன்று மணி நேரம் கழித்துப் பழையபடி ஏறிவிட்டது. நான் குதித்தேன். அவர், "இன்னொருக்கா" என்றார்.

மூன்றரை நாளுக்கு ஒரு சுற்று. அடுத்தது பகலில் போய்விடும், அதற்கடுத்தது ஏழு நாள் கழித்து ராத்திரி. கருவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்துவிட்டதால், பேராசிரியரிடம் கெஞ்சி ஒரே ஒரு வாரம் வாங்கினார். இதை விட்டால் கருவியும் போச்சு, மானமும் போச்சு.

"இந்தத் தடவ நான் நிறுக்கமாட்டேனுங்க. நான் நிறுத்தா என் ஆசையும் சேந்து எடை காட்டும்."

அடிவாரத்தில் மிளகு வாங்கும் பாய் ஒருவர் இருந்தார். அந்த வாரம் முழுக்க இவர் கருவியோடு மலையிறங்கிப் போய் அவருக்குப் பழக்கினார். எந்த நேரத்தில் குறையும் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏழாம் நாள், மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் தொலைநோக்கியைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கினோம். பாய் தன் கடை மாடியில் இருக்க, இவர் கீழே கடைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னையும் பேச விடவில்லை.

ஒன்பது மணிக்கு பாய் முகம் வாடி இறங்கி வந்தார். "மன்னிச்சுக்குங்க. மெசினைக் கெடுத்துட்டேன்னு நெனைக்கிறேன். எட்டு மணியிலிருந்து உங்க நட்சத்திரம் மட்டும் ஒண்ணரை கொறைச்சலாக் காட்டுது."

கணக்குப்படி குறைய வேண்டிய நேரமும் எட்டு மணிதான். இன்னொருக்கா எழுந்து பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வெளிநாட்டில் சிலர் முன்பே இதே குறைவை அளந்துவிட்டார்கள், இவர் கணக்கும் அதுவும் ஒன்றே என்று பேராசிரியர் சொன்னார். இடிந்துபோவாரோ என்று பயந்தேன். "அவங்களும் நிறுத்துட்டாங்களா? அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று சிரித்தார்.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் எழுந்து நின்று டீயை நீட்டினார். ஒரு கேள்வியும் கேட்காமல், ஆற்றாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். சர்க்கரை போட மறந்துவிட்டதாகக் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை. அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.