அரை மூட்டும் முழுத் தம்பியும்

இறைவன் துணை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். உன் முறை வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் வேண்டினேன், ஆனாலும் விட்டுவிடவில்லை. போனில் என்னைப் பேச விடமாட்டாய் என்பதால் எழுதி, உன் அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரை உட்காரவைத்து நியாயம் பேசாதே. அவர் உன் வீட்டில் உன் பக்கம், என் வீட்டில் என் பக்கம்.

என் வலது முழங்கால் மூட்டு என்னைப் படுத்துகிற பாடு உனக்குத் தெரியாததில்லை. மாடிப்படி ஏறும்போது படிக்கு ஒரு தரம் கடவுளைக் கூப்பிடுகிறேன், இறங்கும்போது இரண்டு தரம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மண்டியிட்டு வேண்டிக்கொள்ள முடியாததைத்தான் பொறுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கூப்பினால் வேண்டுகிற மாதிரியா இருக்கிறது? கடவுளை வேலைக்கு எடுக்கலாமா என்று பேட்டி காண்கிற மாதிரி இருக்கிறது. இதை வெட்கத்தை விட்டு அந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூட்டுக்குள்ளே மூன்று பகுதி உண்டு, உங்களுக்கு உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன, தசைநாரும் உறுதி, ஆகவே கெட்டதை மட்டும் மாற்றினால் போதும் என்றாள். மண்டியிடுவதைப் பற்றிச் சத்தியம் செய்யவில்லை. சிலருக்கு முடிகிறது, சிலருக்கு உறுத்துகிறது, ஆறிய பிறகு மெத்தை போட்டு மெதுவாகப் பழகிப் பார்க்கலாம் என்றாள். எனக்கு அது போதும். இத்தனை வருடம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், பழுதான ஒன்றுக்காகப் பழுதில்லாத இரண்டைத் தூக்கி எறிய என் கை வராது.

அப்போதுதான் நீ வந்தாய். கூடத்தில் நின்று கால்சட்டையைச் சுருட்டி, உன் தழும்பை எல்லாருக்கும் காட்டி, விருந்தாளி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மூட்டைத் தட்டி வேறு காட்டினாய். "முழுசா போட்டவன் சொல்றேன், கேளுக்கா. அரை மூட்டு போட்டா அரை தூரந்தான் நடப்ப. பாதி வழியில நின்னுக்கிட்டு எங்களக் கூப்பிடுவ" என்றாய். உனக்கு முழுக்கத் தேய்ந்திருந்தது, முழுக்க மாற்றினார்கள், எனக்கு அப்படி இல்லையடா என்றால் காது கொடுத்தாயா? அந்த டாக்டர் பெண் பாதி படித்துவிட்டுப் பாதி மூட்டுப் போடுகிறாள் என்றாய். உன் அத்தான் அதற்கும் தலையாட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு நானே மண்டியிடுவதில்லை என்று வேறு சொன்னாய். அதை உன் ஆபரேஷன் மேல் போடாதே, அதற்கு முன்னாலும் நீ எந்தச் சாமிக்கும் மண்டியிட்டதில்லை.

சரி, வாய்தானே என்று விட்டேன். நேற்று போன் செய்து என்ன சொன்னாய்? "ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டு நிறுத்திட்டேன்கா. முழு மூட்டுன்னா வரோம், இல்லன்னா வேண்டாம்னு கறாரா சொல்லிட்டேன். நன்றியெல்லாம் எதுக்கு, விடு." தம்பி, யாருடைய முட்டி அது? உன்னுடையதா? எத்தனை மாதம் காத்திருந்து கிடைத்த தேதி! இனி எந்த முகத்தோடு அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பேன்? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, விடிந்ததும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் வேண்டுதலே வரவில்லை, உன்னைத் திட்டுவதுதான் வரிசையாக வருது, அதையும் கடவுள் முன்னாடியே திட்டித் தீர்த்துட்டேன், அவருக்கும் தெரியட்டும்னு. இனி என் வாசலை மிதிக்காதே. நான் எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அந்தப் பக்கம் தலைகாட்டாதே.

கோபம் வேறு, பெரியவளின் ஆசி வேறு. உன் மனைவிக்கு இறைவன் இன்னும் பொறுமையைத் தரட்டும். பிள்ளைகளுக்கு உன் குணம் வராமல் காக்கட்டும். உனக்கு நீண்ட ஆயுளும், அதில் கொஞ்சமாவது வாயடக்கமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆஸ்பத்திரி வரவேற்பிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நாளை ராத்திரிக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் மறுநாள் காலை வந்துவிட வேண்டுமாம். என் ஆபரேஷனை யாரும் நிறுத்தவில்லையாம். ஆகவே தலைகாட்டாதே என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிட்டு, சீக்கிரம் வந்து சேர். உன் அத்தானை மட்டும் நம்பிப் போக முடியாது, அவர் ஊசியைப் பார்த்தால் நர்சுகள் முதலில் அவரைத்தான் படுக்கவைக்க வேண்டியிருக்கும். அப்படியானால் என் தம்பி எதைத்தான் நிறுத்தினான் என்று கேட்டேன். நீ உன் பெயரையும் உன் நம்பரையும் கொடுத்திருக்கிறாய். அவர்கள் உன் மூட்டுக்கு இருந்த வருடாந்தரப் பரிசோதனையை ரத்து செய்திருக்கிறார்கள். அதைத் திரும்பப் போட்டுத் தரட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். குடும்பத்தில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.