வால் அறுந்த நாவல்கள்

“இருநூத்து முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது! இதுக்கு இருக்கு. அடுத்தது!”

விமான நிலையத்தின் ஐந்தாம் வாசலுக்கு எதிரே, மூன்று பேர் நுழைந்தால் நான்காவது ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய குட்டிப் புத்தகக் கடை. அதன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கடைக்காரம்மா வேர்க்க விறுவிறுக்கப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் திங்கட்கிழமைக்காரர் வந்துவிடுவார். அதற்குள் அலமாரியில் உள்ள அத்தனை மர்ம நாவல்களுக்கும் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

“என்னம்மா, புத்தகத்துக்கு நாடி பிடிக்கிறீங்களா?”

மேனேஜர். விமான நிலையக் கடைகளுக்கெல்லாம் பொறுப்பாளர். கையில் அளவு நாடா.

“சரிபார்க்கிறேன் சார்.”

“இன்னைக்கும் அந்த ஆளு புகாரோட வந்தா, நான் கடையையே சரிபார்த்துடுவேன்.” நாடாவை விர்ரென்று இழுத்துச் சுவரில் வைத்தார். “இங்க தாராளமா ரெண்டு மசாஜ் நாற்காலி போடலாம். நாற்காலிக்குக் கடைசிப் பக்கம் காணோம்னு எவனும் வந்து நிக்க மாட்டான் பாருங்க.”

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்த வினை.

திங்கட்கிழமைக்காரர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். திங்களன்று பறந்து போய், வாரமெல்லாம் வெளியூர் லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை திரும்புவார். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஒரு மர்ம நாவலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பயணம். ஒரு திங்களன்று, முந்தைய வாரம் வாங்கிய நாவலோடு வந்து நின்றார்.

“அம்மா, வைரத்தைத் திருடினது யாருன்னு சொல்ற பக்கத்தை மட்டும் காணோம். மூணு நாளா மண்டை காயுது!”

வேறு பிரதி இல்லை. பக்கத்தில் மேனேஜர் முறைக்கிறார்.

“அதுக்கென்ன சார், முடிவை நானே சொல்றேன்” என்று வாய் முந்திக்கொண்டது.

ஒரே ஒரு சிக்கல்தான். அவள் அந்த நாவலைப் படித்ததே இல்லை. ஒன்பது வருடத்தில் கடையில் இருந்த எல்லா நாவல்களின் முதல் அத்தியாயமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டாம் அத்தியாயத்தைத் தொடும்போதுதான் யாராவது, “கழிப்பறை எந்தப் பக்கம்?” என்று கேட்டு வந்துவிடுவார்கள்.

“எதுவரைக்கும் படிச்சீங்க?”

சொன்னார். பூட்டின அறை, பணக்காரர், அவர் மனைவி, வாயே திறக்காத தோட்டக்காரர், வாய் மூடாத ஒரு கிளி.

கடைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாள். “வைரம் திருடு போகவே இல்ல சார். வீட்டம்மா அதை நாலு வருஷம் முன்னாடியே வித்து, தோட்டக்காரர் பொண்ணை டாக்டருக்குப் படிக்க வெச்சுட்டாங்க. அத்தனை போலீசும் காவல் காத்தது வெறும் கண்ணாடித் துண்டை!”

அவர் திறந்த வாயை மூடவில்லை. “அடேங்கப்பா! எழுதின ஆளோட கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்மா!”

அடுத்த திங்கள், அடுத்த நாவல். அதற்கும் வால் இல்லை. அதற்கும் ஒரு முடிவைப் புளுகினாள்.

பதிப்பகத்துக்குப் புகார் போனது. பைண்டிங் மேஸ்திரி நேரிலேயே வந்துவிட்டார். “என் தையல்ல ஒரு இழை பிரிஞ்சிருந்தா மீசையை எடுத்துடறேன்!” என்றார். மூன்றாம் திங்களும் வால் அறுந்தே வர, பாவம், எடுத்துவிட்டார்.

பதிப்பகத்தை மாற்றினாள். நான்காம் திங்கள் புதுப் பதிப்பகத்துக்கும் வால் அறுந்தது. இதற்குள் அவள் முடிவு சொல்வதைக் கேட்க ஒரு கும்பலே கூடத் தொடங்கியிருந்தது. அன்று ஏழு பேர் கொலைகாரன் யாரென்று தெரியாமல் நகரமாட்டோம் என்று நிற்க, விமானம் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அந்தப் புகாரும் மேனேஜர் தலையில் விழுந்தது. அன்றைக்கு வந்ததுதான் அந்த அளவு நாடா.

அவளுக்கு அதைவிடப் பெரிய திகில் ஒன்று இருந்தது. எங்காவது ஒரு முழுப் பிரதி அவர் கண்ணில் பட்டால் போதும், ஒரு மாதப் புளுகும் பல்லிளித்துவிடும். இனி ஒரு புளுகும் வேண்டாம் என்றுதான் போன திங்கள், அவர் எதிரிலேயே இருநூற்று எழுபது பக்கத்தையும் எண்ணிக் கையில் கொடுத்தனுப்பினாள். இன்று எந்தப் புகாரும் வரவே முடியாது.

“அம்மா…”

திங்கட்கிழமைக்காரர். கையில் நாவல். முகத்தில் சங்கடம்.

“சொன்னா நம்ப மாட்டீங்க…”

வாங்கிப் பிரித்தாள். இருநூற்று ஐம்பத்தாறோடு சரி.

பின்னால் பத்துப் பேர், ஆளுக்கொரு நாவலும் போர்டிங் பாஸுமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“போச்சு! நாளைக்கே நாற்காலி” என்றார் மேனேஜர்.

கடைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற கடை போகட்டும், பொய்யோடு போக வேண்டாம்.

“சார், மன்னிச்சிருங்க. நான் இதுல ஒண்ணைக்கூடப் படிச்சதில்ல. சொன்ன முடிவெல்லாம் நானா அடிச்சுவிட்டது.”

மேனேஜர் கையிலிருந்த நாடா சடாரென்று சுருண்டது.

“தெரியும்மா” என்றார் திங்கட்கிழமைக்காரர் மெல்ல. “முதல் நாவலோட முழுப் பிரதி அந்த வாரமே வெளியூர்ல கிடைச்சுது. அதுல வைரத்தைக் கிளி முழுங்கிடுச்சாம்.”

“கிளியா!” என்று பத்துப் பேரும் முகம் சுளித்தார்கள்.

“தெரிஞ்சுமா மறுபடி மறுபடி என்கிட்ட வந்தீங்க? மத்த பக்கமெல்லாம் எங்க சார் போச்சு?”

அவர் பிடரியைச் சொறிந்தார்.

குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த துப்புரவு அக்கா, அடியிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை உருவி மேஜையில் போட்டாள்.

“எங்கிட்டதான் இருக்கு. வெள்ளிக்கிழமை இறங்கினதும் இவரே கிழிச்சு என் வண்டியில போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. ஏன் சார்னு கேட்டா, ‘இது எழுதினவரோட முடிவு, நல்ல முடிவைத் திங்கட்கிழமை கடையில கேட்டுக்கறேன்’ம்பாரு!”